வாடைக்கும் கச்சானுக்கும் தாங்குவது எது? கப்சூல், குளிசை, கார்ட், போத்தல்: திருமலை வீடுகளுக்கான ஒப்பீடு

"குளிசை நல்லதா, கப்சூல் நல்லதா?" திருகோணமலையில் பாமசி மேசைக்கு முன்னால் நின்று அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. இதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னும் சில வரும். லண்டனில் இருக்கும் தங்கச்சி அனுப்பிய மீன் எண்ணெய்ப் போத்தலை பிரிஜ்ஜில் வைக்கலாமா? சைவக் கப்சூல் என்று விலை கூட்டி விற்கிறார்களே, அதில் ஏதும் விசேஷம் உண்டா? கடதாசி உறையில் போட்டுத் தந்த கப்சூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன, விழுங்கலாமா?

நான் மேசைக்கு மறுபக்கம் நிற்கிறவன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் ஊர்க் காற்றுக்கு, மருந்தின் கூட்டைவிட அது வந்திருக்கும் பொதிதான் முக்கியம். முதலில் கார்ட்டா (குழிகுழியாக மருந்து அடைத்த தகடு) போத்தலா என்று பாருங்கள். கப்சூலா குளிசையா என்பது அதற்கு அடுத்ததுதான். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று விளங்க, கப்சூல் எதைக் காக்கும், எதைக் காக்காது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கூடு எதைக் காக்கிறது?

சாதாரணக் கப்சூல் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். நீளமான அடிப்பாகம், அதன்மேல் இறுக்கமாக ஏறி நிற்கும் குட்டையான மூடி. இரண்டும் சேருமிடத்தில் சுற்றிவர மெல்லிய வரிப்பள்ளம் தெரியும். மூடி பூட்டிக்கொள்வது அதில்தான். சுவரின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்குதான். அந்தச் சுவர் ஜெலட்டின். மாடு, பன்றி போன்றவற்றின் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜனைப் பதப்படுத்தி எடுப்பது. கூட்டின் அளவுக்கு எண் உண்டு. எண் கூடக்கூடக் கூடு சிறுக்கும். 000 என்பது மிகப் பெரியது, 5 மிகச் சிறியது. அமொக்சிசிலின் என்ற அன்ரிபயோட்டிக் 500 மில்லிகிராம் வழக்கமாக வரும் 0 எண் கூட்டுக்குள் 0.68 மில்லிலீற்றர் அடங்கும்.

இதைக் கண்டுபிடித்ததே நாக்கைக் காப்பாற்றத்தான். 1834ஆம் ஆண்டு பாரிசில் மோத், டுப்லாங் என்ற இருவர் ஜெலட்டின் கப்சூலுக்குக் காப்புரிமை பெற்றார்கள். அந்தக் காலத்து மருந்துகள் சிலவற்றை வாயில் வைக்கவே முடியாது. அந்தக் கசப்பையும் நாற்றத்தையும் மூடிவைக்க ஒரு கூடு தேவைப்பட்டது. இன்று நாம் காணும் அடி, மூடி என்ற இரண்டு துண்டுக் கப்சூலுக்கு ஜேம்ஸ் மேர்டொக் 1847இல் லண்டனில் காப்புரிமை எடுத்தார். அமொக்சிசிலின் தூளை நாக்கில் போட்டுப் பார்த்தவர்களுக்கு அவர்களின் அருமை தெரியும்.

சுவைக்கு அடுத்தது வெளிச்சம். பளிச்சென்ற வெள்ளையிலும் ஊடுருவித் தெரியாத நிறங்களிலும் வரும் கப்சூல்களில் பெரும்பாலும் டைட்டேனியம் டையொக்சைட் கலந்திருக்கும். வெளிச்சம் உள்ளே போகாமல் தடுப்பது அதுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் அதை உணவுப் பண்டங்களில் தடைசெய்தது. மருந்துகளில் இன்னும் அனுமதி உண்டு. மூன்றாவது ஒட்சிசன். உலர்ந்த ஜெலட்டின் ஒட்சிசனை நன்றாகவே தடுக்கும். எண்ணெய் மருந்துகளை அதில் அடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான்காவது இரைப்பையின் அமிலம். இதில்தான் பலருக்குக் குழப்பம். சாதாரணக் கப்சூலின் கூடு இரைப்பையில் சில நிமிடங்களில் கரைந்துவிடும். வயிற்றெரிவுக்குத் தரும் ஒமிப்ரசோல் போன்ற மருந்து அமிலத்தில் தப்புவது உள்ளே இருக்கும் சின்னச் சின்ன மணிகளால்தான். ஒவ்வொரு மணிக்கும் தனிப் பூச்சு உண்டு. அந்தப் பூச்சு அமிலத்தில் கரையாது, சிறுகுடலுக்குப் போன பிறகுதான் கரையும். ஆகவே ஒமிப்ரசோல் கப்சூலைக் கடித்து மென்றால் கூட்டோடு அந்தப் பூச்சும் உடைந்து, மருந்து போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேராது.

ஐந்தாவது ஈரம். ஜெலட்டின் கூடு ஈரத்தைத் தடுக்காது. கூட்டுக்குள்ளேயே நீர் இருக்கிறது, அதன் எடையில் 13 முதல் 16 சதவீதம் வரை. அந்த நீர் இருந்தால்தான் கூடு வளைந்துகொடுக்கும். நீர் குறைந்தால் நொறுங்கும். கூடினால் தளர்ந்து பிசுபிசுக்கும். வெளிக்காற்றில் ஈரம் ஏறினால் கூடு அதைக் குடித்து, உள்ளே இருக்கும் தூளுக்கும் கொடுத்துவிடும். தூள் ஈரத்தை இழுக்கும் வகையாக இருந்தால் கூட்டின் நீரையே அது உறிஞ்சிக்கொள்ளும். அப்போது கூடு வெடிக்கும், தூளும் கட்டிபடும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் வாடைக்காலத்தில் டின்னுக்கு வெளியே வைத்த பப்படத்துக்கு என்ன நடக்குமோ, திறந்த உறையில் கிடக்கும் கப்சூலுக்கும் அதுதான் நடக்கும்.

இரண்டு காற்று, இரண்டு சேதம்

ஜெலட்டின் கப்சூலுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் இடம் 15 முதல் 25 பாகை செல்சியஸ், காற்றின் ஈரப்பதம் 35 முதல் 65 சதவீதம். திருமலையில் இது ஏசி அறைக்குள் மட்டும்தான் உண்டு.

கச்சான் காலத்தில் தென்மேற்குக் காற்று மழையை மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு, காய்ந்து சூடேறி நம் பக்கம் இறங்குகிறது. பகலில் 35 பாகையைத் தொடும். அப்போது சேதம் வெப்பத்தால். ஓட்டோவின் முன்தட்டில், மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில், தகரக் கூரைக்குக் கீழ் உள்ள அலுமாரியின் மேல்தட்டில் இருக்கும் மருந்து இன்னும் கூடிய சூட்டில் கிடக்கும். வாடைக்காலத்தில் மழை விடாது, தோய்த்த உடுப்பு இரண்டு நாளானாலும் காயாது. அப்போது சேதம் ஈரத்தால்.

இரண்டும் சேர்ந்து நீண்ட நாள் தாக்கினால் ஜெலட்டினில் இன்னொரு மாற்றமும் நடக்கலாம். அதன் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, தண்ணீரில் கரையாத மெல்லிய சவ்வாக மாறும். பார்வைக்குக் கப்சூல் நன்றாகவே இருக்கும், ஆனால் வயிற்றில் கரையச் சுணங்கும். இரைப்பையில் உள்ள பெப்சின் என்ற நொதி அந்தச் சவ்வை ஓரளவு உடைக்கும் என்றாலும், மருந்து நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய நோயாளிக்கு அந்தத் தாமதம் நல்லதில்லை. ஆறு மாதம் அலுமாரியில் கிடந்ததைப் பார்த்து 'நல்லாத்தானே இருக்கு' என்று சொல்கிறவர்களிடம் நான் இதைத்தான் விளக்குவேன்.

ஜெலட்டின் கூடா, தாவரக் கூடா?

சைவக் கப்சூல் என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை ஹைப்ரோமெல்லோஸ் என்ற பொருளால் ஆனவை. மரக்கூழ் அல்லது பஞ்சில் உள்ள செலுலோசை மாற்றிச் செய்வது. விலங்குப் பொருள் இல்லை என்பது மட்டும் இதன் சிறப்பில்லை. இதன் சுவரில் நீர் 3 முதல் 7 சதவீதம்தான். உலர்ந்தாலும் இலகுவில் நொறுங்காது. நான் மேலே சொன்ன சவ்வு மாற்றமும் இதில் நடக்காது.

வேறுபாட்டை வீட்டிலேயே பார்க்கலாம். வெறும் கூடுகள் கிடைத்தால் ஜெலட்டின் ஒன்றையும் தாவரக் கூடு ஒன்றையும் பிரிஜ்ஜில் இருந்து எடுத்த தண்ணீரில் போடுங்கள். ஜெலட்டின் கூடு ஊதிக் கொழகொழத்துப் போகும், ஆனால் கரையாது. விரலால் எடுத்தால் வழுவழுவென்று வரும். தாவரக் கூடு குளிர்ந்த தண்ணீரிலும் மெல்ல மெல்லக் கரையும். பிறகு ஜெலட்டின் கூட்டை இளஞ்சூட்டு நீருக்கு மாற்றுங்கள். சில நிமிடங்களில் காணாமல் போகும். ஜெலட்டின் கரைய உடல்சூடு அளவு வேண்டும். ஐஸ் தண்ணீரில் ஒரு மிடறு குடித்துக் கப்சூலை விழுங்கி, அது நெஞ்சில் ஒட்டி நிற்கிறது என்று வருபவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: சாதாரணத் தண்ணீர் அல்லது இளஞ்சூட்டு நீர், ஒரு கிளாஸ் நிறைய.

தாவரக் கூட்டுக்கும் குறை உண்டு. ஒட்சிசன் அதற்குள்ளால் ஜெலட்டினைவிட இலகுவாகப் போகும். விலையும் கூட. புல்லுலன் என்ற இன்னொரு வகை உண்டு. மாச்சத்தைப் பூஞ்சணத்தால் நொதிக்கவைத்து எடுப்பது. அது ஒட்சிசனை நன்றாகத் தடுக்கும், விலங்குப் பொருளும் இல்லை. ஆனால் விலை இன்னும் கூட, வெளிநாட்டுச் சத்து மருந்துகள் சிலவற்றில்தான் காணலாம்.

அப்படியானால் எதை எடுப்பது? ஐந்து, ஏழு நாளில் முடியும் அன்ரிபயோட்டிக்குக்குக் கூட்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். டொக்டர் எழுதியதை எடுங்கள், நாள் தவறாமல் முடியுங்கள். மாதக்கணக்கில் வீட்டில் இருக்கப்போகும் மூலிகைச் சாறு, நல்ல பக்டீரியா அடங்கிய கப்சூல் போன்ற ஈரத்துக்குப் பயந்த பொருள்களுக்குத் தாவரக் கூடு கூடுதல் விலைக்குத் தகும். எண்ணெய்க்கு ஜெலட்டின்தான்.

லண்டன் போத்தல்

எண்ணெய் அடைத்த மென்கப்சூல் வேறு சாதி. இதற்கு அடி, மூடி என்று இல்லை. ஜெலட்டினோடு கிளிசரின் அல்லது சோர்பிட்டோல் சேர்த்து மெதுவாக்கிய தகடுகளுக்கு நடுவில் எண்ணெயை விட்டு, ஒரே நேரத்தில் அழுத்தி ஒட்டி வெட்டி எடுப்பார்கள். முழுவதும் மூடிய பை. மீன் எண்ணெய், விற்றமின் ஏ, டி, ஈ எல்லாம் இப்படித்தான் வரும். தாய் சேய் கிளினிக்கில் பிள்ளைக்கு விற்றமின் ஏ கொடுப்பதைக் கவனித்திருப்பீர்கள்: கூம்பிய நுனியைக் கத்தரிக்கோலால் வெட்டி, உள்ளே இருக்கும் எண்ணெயைப் பிள்ளையின் வாயில் துளித்துளியாக விடுவார்கள். அந்த நுனி அதற்காகவே வைத்தது. வெட்டும்வரை உள்ளிருக்கும் எண்ணெயில் காற்றே படுவதில்லை என்பதுதான் அதன் பலம்.

பலவீனம் சூடு. கச்சான் காலத்தில் போத்தலைத் திறந்தால் மென்கப்சூல்கள் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடக்கும். இதில் வெளிநாட்டுப் போத்தல்களுக்குக் கூடுதல் கஷ்டம். மிதமான காலநிலை நாடுகளுக்கான மருந்துகளின் ஆயுளை வழக்கமாக 25 பாகை, 60 சதவீத ஈரப்பதத்தில் வைத்துச் சோதிப்பார்கள். வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளுக்கான மருந்தை 30 பாகை, 75 சதவீதத்தில் சோதிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் சொல்கிறது. லண்டனிலோ ரொறன்ரோவிலோ வாங்கிய போத்தலில் போட்டிருக்கும் காலாவதித் திகதி அங்குள்ள வீட்டுக்கானது. உவர்மலையிலோ உப்புவெளியிலோ இருக்கும் வீட்டில் அதே திகதியை நம்பி இருக்க முடியாது.

ஆகவே அனுப்புகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: 365 கப்சூல் போட்ட பெரிய போத்தல் மலிவாக இருக்கும், வேண்டாம். சின்னப் போத்தல்களாக அனுப்புங்கள். ஒன்று திறந்திருக்கும்போது மற்றவை சீல் உடையாமல் இருக்கும். பெரிய போத்தல் வந்தே விட்டதா? மீன் எண்ணெயை, லேபல் மறுக்காதவரை, பிரிஜ்ஜில் வைக்கலாம். ஒரு கிழமைக்குத் தேவையானதை வேறு சிறு போத்தலில் எடுத்து வெளியே வையுங்கள். பெரிய போத்தலை பிரிஜ்ஜில் இருந்து எடுத்தவுடன் திறக்காதீர்கள். அறைச்சூட்டுக்கு வந்த பிறகு திறவுங்கள். குளிர்ந்த போத்தலைத் திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் உள்ளே நீராகப் படியும். தூள் அடைத்த சாதாரணக் கப்சூல்களை பிரிஜ்ஜில் வைக்காமல் விடுவதற்கும் அதுதான் காரணம்.

ஒட்டிய மென்கப்சூலைப் பிரித்தால் முழுதாக வருகிறதா, எண்ணெய் கசியவில்லையா, பயன்படுத்தலாம். கசிந்தால், அல்லது ஒன்றை வெட்டி முகர்ந்தபோது பழைய எண்ணெயின் காறல் மணம் அடித்தால் வீசிவிடுங்கள். மீன் எண்ணெயில் மீன் மணம் இருக்கத்தான் செய்யும். காறல் மணம் அது இல்லை. மீனோடு வாழும் திருக்கடலூர்க்காரருக்கு இந்த வேறுபாட்டை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

குளிசை

குளிசையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. தூளை அழுத்திக் கட்டியாக்கியது. உடையும் கூட்டில்லை, பிசுபிசுக்கும் சுவரில்லை, விலையும் பெரும்பாலும் குறைவு. ஒரே மருந்து இரண்டு வடிவிலும் கிடைத்து, டொக்டரும் சம்மதித்தால் திருமலை வீட்டுக்கு நான் குளிசையைத்தான் சொல்வேன். ஆனால் குளிசை என்றால் ஈரம் ஒன்றும் செய்யாது என்று எண்ண வேண்டாம். அமொக்சிசிலினோடு கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த குளிசை ஈரத்துக்கு மிகவும் பயந்தது. அதனால்தான் அதை அலுமினியப் பொதியில் அடைக்கிறார்கள். நேரத்தை மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் உரித்து ஒரு டப்பாவில் போட்டு வைப்பது அந்த மருந்தைக் கொல்லும் வேலை.

பொதிதான் காவல்

இனி நான் முக்கியம் என்று சொன்ன விஷயம். திருமலையில் மருந்து நம் கைக்கு வருவது பெரும்பாலும் நான்கு விதமாக.

முன்னும் பின்னும் வெள்ளி நிறத் தகடாக, உள்ளே என்ன நிறம் என்றே தெரியாத கார்ட் முதலாவது. இரண்டு பக்கமும் அலுமினியம். கொஞ்சம் தடிப்பாக, அகலமாக இருக்கும், விலையும் ஏறும். ஈரம், வெளிச்சம், ஒட்சிசன் மூன்றையும் ஏறக்குறைய முழுதாகத் தடுப்பது இது ஒன்றுதான். ஒரே மருந்து இந்தக் கார்ட்டிலும் வேறு பொதியிலும் கிடைத்தால் இதை எடுங்கள். கடற்கரையோரம் இருப்பவர்களுக்கும் படகில் மருந்து கொண்டுபோகிறவர்களுக்கும் இதற்கு மாற்று இல்லை.

அடுத்தது முன்பக்கம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக், பின்பக்கம் தகடு உள்ள சாதாரணக் கார்ட். பெரும்பாலான மருந்துகள் இதில்தான் வருகின்றன. அந்த பிளாஸ்டிக் ஊடாக ஈரம் மிக மெதுவாக உள்ளே போகும். மேல்பூச்சுள்ள வகையில் இன்னும் மெதுவாக. இரண்டு மூன்று மாதத்துக்கு வாங்குபவர்களுக்குப் போதுமானது. இந்தக் கார்ட்டின் பெரிய நன்மை, ஒரு குழியைத் திறந்தால் மற்றவை மூடியபடியே இருப்பது. பெட்டியை எறியாமல் கார்ட்டைப் பெட்டிக்குள்ளேயே வைத்தால் வெளிச்சமும் படாது.

போத்தல் எனக்கு மூன்றாவது இடம்தான். திறக்காத போத்தல் நல்ல பொதி. ஆனால் நாளுக்கு இரண்டு தரம் திறக்கும்போது ஒவ்வொரு தரமும் வாடைக்காற்று உள்ளே போகிறது. உள்ளே சிறு பையிலோ குழாயிலோ இருக்கும் சிலிக்கா ஜெல் அந்த ஈரத்தை இழுக்கும், அதற்கும் ஒரு கொள்ளளவு உண்டு. அதை எடுத்து எறியாதீர்கள், பிள்ளைகள் வாயில் வைக்கவும் விடாதீர்கள். சில மருந்துகளுக்குப் போத்தலே மருந்தின் ஒரு பகுதி மாதிரி. இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் டபிகட்ரான் கப்சூல் ஈரத்தில் கெடும். கிழமைக்கான டப்பாவுக்கு அதை மாற்றக்கூடாது. போத்தலில் வந்தால் திறந்து நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். அந்தக் கப்சூலைத் திறந்து தூவிச் சாப்பிடுவது இன்னும் ஆபத்து. மருந்து இரத்தத்தில் ஏறும் அளவு மிகவும் கூடி, இரத்தக்கசிவு வரலாம்.

கடைசியில் கடதாசி உறை. பெரிய போத்தலில் இருந்து எண்ணிப் போட்டுத் தரும் உறை, எப்போது எத்தனை என்று எழுதிவைக்க உதவும்; காவலுக்கு உதவாது. மருந்து அதில் வந்தால் வீட்டுக்கு வந்தவுடன் உறையோடு அப்படியே, நன்றாகக் காய்ந்த, இறுக்கமாக மூடும் கண்ணாடிப் போத்தலில் வையுங்கள். உறையை எறிய வேண்டாம், பெயரும் அளவும் அதில்தான் இருக்கின்றன. இரண்டு மருந்துகளை ஒரே போத்தலில் கலக்காதீர்கள். பழைய மருந்துப் போத்தலில் இருந்த சிலிக்கா ஜெல் பையைப் போடுவதில் பெரிய பலன் இருக்காது, அது ஏற்கெனவே ஈரம் குடித்து முடித்திருக்கும். அடுப்படியும் குளியலறையும் வேண்டாம். படுக்கையறை அலுமாரியின் கீழ்த்தட்டு, வெயில் படாத சுவர்ப் பக்கம், அதுதான் நம் வீடுகளில் நல்ல இடம்.

இழுக்கும் கப்சூல்

ஆஸ்துமாக்காரர்கள் கருவியில் போட்டுத் துளைத்து இழுக்கும் டிபி (DP, உலர்தூள்) கப்சூலுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இதைச் சாதாரணக் கப்சூல் என்று எண்ணி விழுங்கிவிட்டு, மூச்சு இன்னும் முட்டுகிறது என்று சொல்லும் ஆட்கள் உண்டு. விழுங்கினால் மருந்து நெஞ்சுக்குப் போகாது. இதில் கூடு கரையவே தேவையில்லை. ஊசி முனையால் துளைபடவும், கருவியில் சுழன்று தூளை உதறவும்தான் அது. தூள் புகைபோல மெல்லியதாக இருந்தால்தான் சுவாசக்குழாயின் ஆழத்துக்குப் போகும். ஈரம் பட்டால் தூள் கட்டிபடும், கூடு தளர்ந்து கிழியும், பாதி மருந்து கப்சூலுக்குள்ளேயே தங்கிவிடும். வாடைக்காலத்தில்தானே இழுப்பும் கூடுகிறது; மருந்து ஒழுங்காக வேலை செய்ய வேண்டிய நேரமும் அதுதான். ஈரக் கையால் தொடாதீர்கள், கருவிக்குள் முதல் நாளே போட்டு வைக்காதீர்கள். இழுத்து முடிந்ததும் கூட்டைத் திறந்து பாருங்கள். தூள் மிச்சம் இருந்தால் இன்னொரு தரம் இழுக்க வேண்டும்.

விழுங்குவதும் திறப்பதும்

கப்சூல் தண்ணீரில் மிதக்கும். தலையைப் பின்னால் சாய்த்தால் அது பல்லுப் பக்கம் வந்து நிற்கும், தொண்டைக்குப் போகாது. தண்ணீரை வாயில் எடுத்து, நாடியை நெஞ்சுப் பக்கம் குனித்து விழுங்கினால் கப்சூல் மிதந்து பின்னுக்குப் போகும். ஜெர்மனியின் ஹைடல்பேர்க் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வு இந்த முறை பெரும்பாலானவர்களுக்கு உதவுவதாகக் காட்டியது. அம்மம்மாமார் பலருக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், உதவுகிறது.

தம்பலகாமத்திலும் மூதூரிலும் பெரும்போகத்துக்கு வயலில் இறங்குகிறவர்கள் டொக்சிசைக்கிளினில் கவனமாக இருக்க வேண்டும். எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கச் சுகாதாரப் பரிசோதகர் தரும் மருந்து அது. கொஞ்சத் தண்ணீரோடு விழுங்கிவிட்டுப் பாயில் சரிந்தால், கப்சூல் உணவுக்குழாயில் ஒட்டிக் கரைந்து அங்கேயே புண்ணாக்கும். சாப்பாட்டோடு, ஒரு கிளாஸ் தண்ணீரோடு எடுத்து, அரை மணித்தியாலமாவது நிமிர்ந்து இருக்க வேண்டும். போன போகத்தில் மிஞ்சியதை இந்தப் போகத்துக்கு வைக்காதீர்கள். அந்த மருந்துக் குடும்பத்தில் பழுதான கப்சூல் சிறுநீரகத்தைத் தாக்கியதாகப் பதிவான சம்பவங்கள் உண்டு.

விழுங்கவே முடியாதவருக்கு ஒமிப்ரசோல் கப்சூலைத் திறந்து, மணிகளைக் கொஞ்சம் யோகட்டில் தூவி மெல்லாமல் விழுங்கக் கொடுக்கலாம். ஆண்களுக்குச் சிறுநீர்த் தடைக்குத் தரும் டம்சுலோசின் போன்றவை மெல்ல மெல்லக் கரைய வேண்டியவை. நொறுக்கவும் மெல்லவும் கூடாது. எதையும் திறக்க முதல் கேளுங்கள். கேட்பதற்குக் காசில்லை.

சூரணத்தைக் கப்சூலாக வாங்குவதா, தூளாக வாங்குவதா என்று கேட்பவர்களும் உண்டு. ஒரு தேக்கரண்டி 5 மில்லிலீற்றர். 0 எண் கூட்டில் 0.68தான் போகும். ஒரு தேக்கரண்டிச் சூரணத்துக்கு ஏறக்குறைய ஏழு கப்சூல் விழுங்க வேண்டும். கசப்பு தாங்கக்கூடியவர்கள் தூளையே வாங்கிப் பணத்தை மிச்சம் பிடிக்கட்டும்.

ஜெலட்டின் எதிலிருந்து?

கிண்ணியாவில் இருந்து வரும் ஒரு தாய் இது ஹலாலா என்று கேட்பதும், கந்தசஷ்டி விரதம் இருக்கும் ஐயா ஒருவர் இதில் மாட்டுப் பொருள் இருக்கிறதா என்று கேட்பதும் எனக்கு ஒன்றுதான். இரண்டுக்கும் நேர்மையான பதில் கொடுக்க வேண்டும். ஜெலட்டின் என்று மட்டும் எழுதியிருந்தால் அது மாடா, பன்றியா என்று லேபலைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஹைப்ரோமெல்லோஸ் என்றோ புல்லுலன் என்றோ எழுதியிருந்தால் கூட்டில் விலங்கு இல்லை. உள்ளே இருப்பது வேறு விஷயம், மீன் எண்ணெய் மீனில் இருந்துதான் வரும். மீன் ஜெலட்டினில் செய்த மென்கப்சூலும் உண்டு. அது ஒரு தரப்பாருக்குப் பொருந்தும், சைவக்காரருக்குப் பொருந்தாது. சத்து மருந்தென்றால் நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் வாங்குங்கள், அவசரம் ஒன்றும் இல்லை. டொக்டர் எழுதிய மருந்தென்றால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருந்துத் துண்டை எழுதும்போதே டொக்டரிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பாமசியில் சொல்லுங்கள். அமொக்சிசிலின் பாணியாகவும் கரையும் குளிசையாகவும் உண்டு. ஒமிப்ரசோலுக்குப் பதில் அதே வேலை செய்யும் குளிசைகள் உண்டு. மாற்றுவதற்கு டொக்டரின் சம்மதத்தை நாங்களே தொலைபேசியில் கேட்டு வாங்கித் தரலாம்.